செத்துப் பிழைக்கும் சிப்பாய்கள்



எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். கடைசி நாள் படுகளம். மண்ணைக் குழைத்துப் படுத்த வாக்கில் பெரிய துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள். பீமன் வேஷம் கட்டியவரும் துரியோதனன் வேஷம் கட்டியவரும் அந்த மண் உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் தொடையில் அடி விழும். பாஞ்சாலி கூந்தலை அள்ளி முடிவாள். சின்ன வயதில் அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், செத்துப்போன துரியோதனன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் அப்பாவோடு டீ குடித்துக்கொண்டிருப்பார்!

இது நம்ம ஊரில் சாமி காரியம். ஆனால் கடல் தாண்டி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், சனி ஞாயிறு வந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிச் செத்து விழுந்து, எழுந்து, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நம்மில் சிலர் கிரிக்கெட் ஆடுவதைப் போல, சிலர் தபால் தலை சேர்ப்பதைப் போல.

போன வருடம் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். இரும்புத் தொப்பி போட்ட ஒருவர் பதினாறடி ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நிற்கிறார். கீழே அவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் என்று போட்டிருந்தது. 'என்னடா இது, பெரிய மனுஷன் செய்யிற வேலையா?' என்று சிரித்துவிட்டேன். பிறகு செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். புரியாத வார்த்தைகளை ஆங்கில சாரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

இது நாடகமா?

ஆங்கிலத்தில் இதை 'ஹிஸ்டாரிகல் ரீ-எனாக்ட்மென்ட்' என்கிறார்கள். நாம் 'வரலாற்று மறுநடிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். நடந்த ஒரு சம்பவத்தை, அது நடந்த காலத்து உடை, கருவி, சாப்பாடு, கட்டளை எல்லாவற்றோடும் மறுபடி நடத்திப் பார்ப்பதுதான் இது.

நாடகத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாடகத்தில் பார்ப்பவனுக்குப் பிடித்தால் போதும். அட்டைக் கத்திக்கு வெள்ளிக் காகிதம் ஒட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. மறுநடிப்பில் யாரும் பார்க்காத உள்சட்டையின் தையல்கூடச் சரியாக இருக்க வேண்டும். பார்வையாளர்களே இல்லாமல் காட்டுக்குள் போய் இரண்டு நாள் அந்தக் காலத்துச் சிப்பாய் போல நடந்து, தரையில் படுத்து, காய்ந்த ரொட்டி தின்றுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். 'அவன் எப்படி இருந்தான் என்று என் உடம்புக்குத் தெரிய வேண்டும்' என்பதுதான் அவர்கள் ஆசை.

எப்போது ஆரம்பித்தது?

ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் கி.மு. 46-ல் ஒரு குளத்தை வெட்டி அதில் கப்பல்களை விட்டுக் கடற்போர் ஒன்றை நடத்திக் காட்டினார். பிறகு வந்த சக்கரவர்த்திகளும் இதைச் செய்தார்கள். கி.பி. 52-ல் கிளாடியஸ் ஓர் ஏரியிலேயே நடத்தினார். ஆனால் அங்கே சண்டை போட்டவர்கள் கைதிகள். அங்கே செத்தவன் எழுந்திருக்கவில்லை. அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல நமக்கு வாய் வராது.

1839-ல் ஸ்காட்லாந்தில் எக்லிங்டன் பிரபு, பழைய வீரர்களைப் போல இரும்புக் கவசம் போட்டுக் குதிரையில் ஈட்டிப் போட்டி நடத்தினார். ஊரே திரண்டு வந்தது. மழையும் வந்தது! கவசம் போட்ட கனவான்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

மனதைத் தொடும் ஒரு சம்பவம் 1913-ல் நடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் என்ற இடத்தில் 1863 ஜூலையில் மூன்று நாள் பெரிய சண்டை நடந்தது. ஐம்பது வருடம் கழித்து அதே இடத்தில் இரு தரப்பிலும் உயிரோடிருந்த பழைய சிப்பாய்கள் 50,000 பேருக்கு மேல் கூடினார்கள். எல்லாரும் கிழவர்கள். அன்று எந்தக் கல்சுவரை நோக்கிச் சுட்டுக்கொண்டே ஓடினார்களோ, அதே சுவரை நோக்கித் தடி ஊன்றி நடந்து வந்தார்கள். அந்தப் பக்கம் நின்ற கிழவர்கள் சுவருக்கு மேலே கை நீட்டிக் குலுக்கினார்கள்.

இன்று நாம் பார்க்கும் பொழுதுபோக்குச் சங்கங்களில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் 'சீல்டு நாட்'. இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்த பிரிகேடியர் பீட்டர் யங் என்ற சரித்திர ஆசிரியர் 1968-ல் தொடங்கியது. 1642 முதல் 1651 வரை அங்கே மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர்தான் இவர்கள் பாடம். அந்தப் போரின் நடுவே 1649 ஜனவரி 30-ல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையையே வெட்டினார்கள். 1644 ஜனவரியில் நான்ட்விச் என்ற ஊரின் முற்றுகை உடைந்தது. அதை நினைத்து அந்த ஊரில் ஜனவரிக் குளிரில் வழக்கமாக இந்தச் சங்கத்தார் சண்டை போடுகிறார்கள்.

கூட்டம் எவ்வளவு சேரும் தெரியுமா? நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் 200-வது ஆண்டு 2015 ஜூனில் பெல்ஜியத்தில் வந்தது. பல நாடுகளிலிருந்து சுமார் 5,000 பேர் சீருடையோடு வந்து அந்தப் போரை மறுபடி நடத்தினார்கள்.

பித்தான் முதல் செருப்பு வரை

சங்கத்தில் சேர்ந்தவுடன் வாள் கையில் வந்துவிடாது. முதலில் உடை. நார்த்துணிச் சட்டை, கம்பளிக் கால்சட்டை, கம்பளிக் காலுறை, தோல் செருப்பு. அந்தக் காலத்தில் ஜிப் கிடையாது, எலாஸ்டிக் கிடையாது. கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். கண்ணாடி போடுகிறவர் பழைய மாடல் பிரேம் வாங்க வேண்டும், இல்லையென்றால் கழற்றிவிட்டுத் தடவிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் இவர்களுக்குள் ஒரு வசைச் சொல் இருக்கிறது: 'பார்ப்'. காலத்துக்குப் பொருந்தாத பொருளைப் போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு அந்தப் பெயர். உள்நாட்டுப் போர்ச் சிப்பாய் வேஷத்தில் ரப்பர் சோல் ஷூ போட்டு வந்தால் அவன் பார்ப். கம்பளிச் சட்டையை மிஷினில் தைத்துக்கொண்டு வந்தால், தீவிரமானவர்கள் தையலை எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். புதுப் பித்தளைப் பித்தான் பளபளவென்று இருக்கிறதே என்று அதைச் சிறுநீரில் ஊறப்போட்டுக் கறுக்க வைத்த மகானுபாவர்களும் உண்டு! சிரிக்காதீர்கள். சிறுநீரில் அம்மோனியா உண்டாகும், அது பித்தளையைக் கறுக்க வைக்கும். நம்ம கெமிஸ்ட்ரி சார் சொன்னதுதான்.

திரி அணைந்தால் துப்பாக்கி இல்லை

நான் மெக்கானிக்கல் மாணவன் என்பதால் என்னை இழுத்தது அந்தத் துப்பாக்கிதான். அந்தப் போரில் பெரும்பாலும் இருந்தது திரித் துப்பாக்கி. அதன் வேலையைச் சொல்கிறேன்.

குழாயின் பின்பக்கம் பக்கவாட்டில் ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை. துளைக்கு வெளியே சின்னக் கிண்ணம் போல ஒரு தட்டு. வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்த கயிறுதான் திரி. அது ஊதுபத்தி போல மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும். சிப்பாய் முதலில் தட்டில் கொஞ்சம் மருந்து போட்டு மூடியால் மூடுவான். பிறகு குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் இடிப்பான். அப்புறம் கனலும் திரியை ஒரு வளைந்த கவ்வியில் மாட்டுவான். மூடியைத் திறந்து விசையை அழுத்தினால் கவ்வி குனிந்து திரியைத் தட்டுக்குள் வைக்கும். நமக்குத் தெரிந்த லீவர்தான். தட்டு மருந்து பற்றி, நெருப்பு துளை வழியே உள்ளே போய், உள் மருந்து வெடிக்கும். சில சமயம் தட்டில் மட்டும் 'புஸ்' என்று எரிந்து அடங்கிவிடும். அன்றைக்கு அவன் தலையெழுத்து!

ஒரு வேட்டுக்கு வேண்டிய மருந்தை அளந்து சின்ன மரக் குப்பிகளில் அடைத்து, அவற்றைத் தோளில் குறுக்கே வார் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு வேட்டு போட்டாலே கெட்டிக்காரன். மழை வந்தால் திரி அணையும். காற்றடித்தால் தட்டு மருந்து பறக்கும். திரி நெருப்பும் மருந்துக் குப்பியும் ஒரே ஆள் உடம்பில் ஒரு முழ தூரத்தில் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். நம்ம ஊர் பட்டாசு ஆலையில் இப்படி ஒருவன் நின்றால் விடுவோமா?

மறுநடிப்பில் குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். அதற்கே இங்கிலாந்தில் துப்பாக்கிக்கும் மருந்துக்கும் போலீஸ் சான்று வாங்க வேண்டும். ஈட்டிக்காரர்களும் நுனியால் குத்துவதில்லை. ஈட்டியை நிமிர்த்திக்கொண்டு தோளோடு தோள் மோதித் தள்ளுகிறார்கள். நம்ம ஊர் தேர் வடம் பிடிக்கிற மாதிரி, ஆனால் எதிர்ப்பக்கமும் ஆள் இருந்து தள்ளினால் எப்படி இருக்கும், அப்படி.

இப்படிச் செய்து பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. அந்தக் காலத்துப் படைகள் ஏன் அவ்வளவு பெரிய கொடிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தன, ஏன் முரசு அடித்துக்கொண்டே போனார்கள் என்று புத்தகத்தில் படித்தால் ஏதோ பகட்டு என்றுதான் தோன்றும். நூறு பேர் நாலு தடவை சுட்ட பிறகு களத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும், எதிரே புகை தவிர ஒன்றுமே தெரியாது. நம்ம ஆள் எங்கே என்பதைக் கொடி காட்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை முரசு சொல்லும்.

சாவது யார்?

எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது. குண்டு இல்லை என்றால் யார் சாவது? சில இடத்தில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். பல இடத்தில் அவரவர் இஷ்டம். ஆகவே வெயில் ஏறினால் சாவு அதிகம்! வயசானவர்களும் தொப்பை உள்ளவர்களும் நிழல் பார்த்து வீரமரணம் அடைகிறார்கள். மருந்து தீர்ந்தவன் சாகிறான். விழும்போது துப்பாக்கி மேல் விழக்கூடாது. சிரிப்பு வந்தால் குப்புற விழ வேண்டும். எல்லாம் முடிந்ததும் கட்டளை வரும். செத்தவர்கள் எல்லாம் எழுந்து தூசியைத் தட்டிக்கொள்வார்கள். பார்த்தவர்கள் கை தட்டுவார்கள்.

யாருடைய சரித்திரம்?

ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வளவு பேர் சேர்ந்தாலும் ராஜா வேஷம் ஒன்றோ இரண்டோதான். மீதிப் பேர் எல்லாம் ஈட்டிக்காரன், துப்பாக்கிக்காரன், சமையல்காரி, துணி வெளுப்பவள், லாடம் அடிப்பவன். நம்ம சரித்திரப் புத்தகத்தில் ராஜா பெயரும் வருடமும் இருக்கும். அந்த ராஜாவின் குதிரைக்கு லாடம் அடித்தவன் எங்கே? மறுநடிப்பில் அவன்தான் கூட்டத்தில் பாதி.

குறை இல்லாமல் இல்லை. போரை விளையாட்டாக்குகிறார்கள் என்று ஒரு குறை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலச் சிப்பாய் வேஷத்தை ஆசை ஆசையாகக் கட்டுகிறவர்கள், அந்த மாநிலங்கள் எதைக் காப்பாற்றப் போருக்குப் போயின, அதாவது மனிதனை விலைக்கு வாங்கும் அடிமை முறையை, அதைப் பேசாமல் விடுகிறார்கள் என்று இன்னொரு குறை. இது நியாயமான குறை. பெண்கள் சிப்பாய் வேஷம் கட்டக்கூடாது என்று தடுத்ததும் உண்டு. 1989-ல் அமெரிக்காவில் ஒரு போர்க்களப் பூங்காவில் அப்படித் தடுக்கப்பட்ட ஒரு பெண் கோர்ட்டுக்குப் போனார். அந்தப் போரில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆண் வேஷத்தில் உண்மையிலேயே சண்டை போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். 1993-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

மறந்துபோன சரித்திரத்தையும் இதே வழியில் எழுப்பியிருக்கிறார்கள். 1984 ஜூன் 18-ல் இங்கிலாந்தில் ஆர்கிரீவ் என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மீது குதிரைப் போலீஸ் பாய்ந்தது. 95 தொழிலாளர்கள் மீது வழக்கு போட்டார்கள். அந்த வழக்கு நிற்கவில்லை. 2001 ஜூனில் ஜெரமி டெல்லர் என்ற கலைஞர் அந்த மோதலை மறுபடி நடத்தினார். பொழுதுபோக்குச் சங்கங்களிலிருந்து சுமார் 800 பேர். அவர்களோடு, அன்று அங்கே சம்பந்தப்பட்ட பழைய தொழிலாளர்கள் உட்பட சுமார் 200 பேர். பழைய தொழிலாளர்களில் சிலர் போலீஸ் வேஷம் கட்டினார்கள்!

1811 ஜனவரியில் அமெரிக்காவின் லூசியானாவில் கரும்புத் தோட்டத்து அடிமைகள் கிளர்ந்தெழுந்து நியூ ஆர்லியன்ஸ் நகரை நோக்கி நடந்தார்கள். அதை அடக்கி, தலைகளை வெட்டிக் கம்பத்தில் நட்டார்கள். பாடப்புத்தகத்தில் அதற்கு இடம் இல்லாமலே இருந்தது. 2019 நவம்பரில் டிரெட் ஸ்காட் என்ற கலைஞர் தலைமையில் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் அதே உடையில் அதே பக்கம் இரண்டு நாள் 26 மைல் நடந்தார்கள். முடிவை மட்டும் மாற்றினார்கள். தோல்வியில் முடிக்காமல், நியூ ஆர்லியன்ஸ் நகருக்குள் போய்ப் பாட்டும் கூத்துமாக முடித்தார்கள்.

கை மறந்த பிறகு

சண்டை மட்டும் மறுநடிப்பு அல்ல. வேலையையும் மறுபடி செய்து பார்க்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய ஊரை 1926 முதல் ராக்பெல்லர் பணத்தில் பழைய மாதிரியே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அங்கே கொல்லர் உலையில் ஆணி அடிக்கிறார், சக்கரத் தச்சர் வண்டிச் சக்கரம் செய்கிறார். பார்க்க டிக்கெட்!

பிரான்ஸில் கெடலோன் என்ற இடத்தில் 1997-ல் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டுக் கருவி மட்டும். கிரேன் கிடையாது. மனிதன் உள்ளே நின்று மிதிக்கும் பெரிய மரச் சக்கரம்தான் கல்லைத் தூக்குகிறது. 'வேலை இல்லாதவன் வேலை' என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2019 ஏப்ரல் 15-ல் பாரிஸ் நகரத்து நோத்ர தாம் தேவாலயம் தீப்பிடித்தது. எண்ணூறு வருடப் பழமையான ஓக் மரக் கூரை சாம்பலானது. பழைய மாதிரியே கட்ட வேண்டும் என்றபோது, கோடரியால் உத்திரம் செதுக்கத் தெரிந்தவர்கள் எங்கே என்று தேடினார்கள். கெடலோனில் வேலை பழகிய தச்சர்கள் வந்தார்கள். கோடரிகளைக் கொல்லர்கள் உலையில் அடித்துக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது.

கை மறந்துவிட்டால் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம்ம பக்கத்து உதாரணமே உண்டு. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்த எஃகு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' என்பார்கள். அதை உருக்கியவர்கள் ஓய்ந்தார்கள், வித்தையும் போனது. அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் ஆல்ஃப்ரெட் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து பல வருடம் உருக்கி உருக்கிப் பார்த்து, 1990-களில்தான் அந்த எஃகில் ஓடும் கோலத்தைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். தாதுவில் மிகச் சிறிதளவு இருந்த வனேடியம்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பேராசிரியர் ஒருவராலும் முடியவில்லை, கொல்லர் ஒருவராலும் முடியவில்லை. இருவரும் சேர்ந்தபோது முடிந்தது.

எங்கள் பட்டறை

இப்போது என் சிரிப்பு ஏன் போனது என்று சொல்கிறேன்.

என் அப்பா கொல்லர். ஊர் எல்லையில் எங்கள் பட்டறை. நான்தான் எங்கள் வீட்டில் முதலில் பத்தாவது தாண்டியவன். இந்தக் கல்லூரியில் சேர வந்த அன்று படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடம் வந்தது. நான் 'சுயதொழில்' என்று எழுதினேன். அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வருடம் ஸ்மித்தி ஷாப்பில் சார் கேட்டார், "இரும்பு எந்த நிறத்துல இருக்கும்போது அடிக்கணும், யாருக்காவது தெரியுமா?" எனக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து தெரியும். கை தூக்கவில்லை. தூக்கினால், 'உனக்கு எப்படிடா தெரியும்?' என்று கேட்பார்களே!

வில்லியம்ஸ்பர்க் சக்கரத் தச்சரைப் பற்றிப் படித்த பிறகு பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எப்படி மாட்டுவது என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா சிரித்தார். "வண்டியே இல்ல, பட்டை எதுக்குடா?" என்றார். பிறகு சொன்னார். தாத்தா சக்கரத்தை நீளப் பட்டை மேல் உருட்டி ஒரு சுற்று அளப்பாராம். அதில் ஒரு விரல்கிடை குறைத்து வெட்டி வளையமாக்குவாராம். சுற்றிலும் வரட்டி அடுக்கி, வளையம் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, நாலு பேர் குறடால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். வளையம் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

நாம் படித்த ஷ்ரிங்க் ஃபிட்! நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஐந்தடிச் சக்கரம், சுமார் 1,500 மி.மீ. விட்டம். சுற்றளவு 4,712. இரும்பின் விரிவுக் கெழு 12-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தது. 600 டிகிரி சூடேற்றினால் சுற்றளவில் 34 மி.மீ. விரியும். ஒரு விரல் 18 மி.மீ. என்று வைத்தால் மீதி 16. விட்டத்தில் 5 மி.மீ. இடைவெளி. மாட்டச் சரியாக இருக்கும்! தாத்தா பள்ளிக்கூடம் போகாதவர்.

"வளையத்தோட ரெண்டு முனையை எப்படிப்பா ஒட்டினாரு?" என்று கேட்டேன்.

"உலையில வச்சு அடிச்சுத்தான். அதுக்கு ஒரு மணல் தூவுவாரு. ஏரிப் பக்கம் போய் எடுத்தாருவாரு. அது இல்லன்னா ஒட்டாது."

"எந்த இடத்து மணல்?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியலடா. கேட்டு வச்சுக்கல. அவரு இருக்காரேன்னு இருந்துட்டேன்" என்றார்.

தாத்தா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த மணலும் அவரோடு போய்விட்டது. அங்கே பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் படித்தவர்கள் காசு செலவழித்துத் தேடுகிற ஒன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அதைப் படிவத்தில் எழுத வெட்கப்பட்டவன் நான்.

இப்போது அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் உலை. அரிவாளும் மண்வெட்டியும் டவுனிலிருந்து ரெடிமேடாக வருகின்றன. அந்த இரண்டு நாளையும் நான் நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நிறம், அடி, அளவு எல்லாம் படம் போட்டு மில்லிமீட்டரில். அரிவாள் வரை முடிந்திருக்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். உங்கள் வீட்டில் தறி இருக்கலாம், சக்கரம் இருக்கலாம், வலை இருக்கலாம், செக்கு இருந்திருக்கலாம். நமக்கு ஸ்கேல் பிடிக்கத் தெரியும், டிராயிங் போடத் தெரியும். அவர்களுக்கு வேலை தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். 'இருக்காரேன்னு' இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஓர் அழைப்பு. எங்கள் பட்டறைக்குப் பின்னால் பழைய வண்டிச் சக்கரம் ஒன்று கிடக்கிறது. பட்டை தளர்ந்துவிட்டது. வெட்டிக் குறைத்து, ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டும். மே மாத லீவில் செய்யலாம் என்று அப்பா ஒத்துக்கொண்டார். "வெல்டிங் கடையில குடுத்தா பத்து நிமிஷம்" என்றார். "கூடாதுப்பா, அது பார்ப்!" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் சிரித்தார். ஏரியைச் சுற்றி ஏழெட்டு இடத்து மணலைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன். எது ஒட்டுகிறது என்று பார்க்கப் போகிறோம்.

தூக்குவதற்கு நாலு ஆள் வேண்டும். அப்பாவையும் என்னையும் சேர்த்து இரண்டு. வர விரும்பும் நண்பர்கள் எங்கள் வகுப்பில் வந்து சொல்லவும். வரட்டியும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை